வளையல் போடாத கை

துப்பறியும் நிபுணர் திருநாவுக்கரசு தம் முப்பது வருடத் தொழிலில் மிக வேகமாக முடித்த வழக்கு இதுதான். பதினேழே நிமிடம். அதில் ஒரு குறை இருந்தது. ஆனால் அது நண்பகலில்தான் தெரிய வந்தது என்பதால், காலையில் அவர் அனுபவித்த பெருமிதத்தை இனி யாரும் பிடுங்கிக்கொள்ள முடியாது.

செங்கல்பட்டுப் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம், ஜெராக்ஸ் கடையின் மாடியில் அவருடைய அலுவலகம். 'நாவுக்கரசு டிடெக்டிவ்ஸ்' என்று பெரிய எழுத்திலும், 'மாப்பிள்ளை விசாரணை எங்கள் தனிச்சிறப்பு' என்று சின்ன எழுத்திலும் பலகை. வருமானம் வந்தது சின்ன எழுத்திலிருந்து. உதவியாளர் ஜெஸ்ஸிக்கு இருபத்தாறு வயது. சட்டம் படித்தவள், முழுதாக அல்ல, இரண்டு அரியர் பாக்கி.

காலை ஒன்பதரைக்குப் போன் வந்தது. கேளம்பாக்கத்திலிருந்து விஷால் என்ற கம்ப்யூட்டர் கம்பெனிக்காரர். குரல், லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டவர் குரல் போல இருந்தது.

"போலீஸுக்குப் போக முடியாது சார். அதான் உங்ககிட்ட. என் மனைவிக்கு நாலு வருஷம் முன்னாடி கர்ப்பப்பையை எடுத்துட்டாங்க. இப்ப எங்க குழந்தையைச் சுமக்கறது பிரபா. என் மனைவியோட சித்தி பொண்ணு. வாடகைத் தாய்னு சொல்வாங்க இல்ல, அது. ஆனா வாடகை கிடையாது, சட்டப்படி கொடுக்கவும் கூடாது. சர்டிபிகேட், மாஜிஸ்ட்ரேட் ஆர்டர், இன்சூரன்ஸ் எல்லாம் சரியா இருக்கு. எட்டு மாசம். எங்க ஃப்ளாட்லதான் இருந்தா. நேத்து காலைல வெளிய போனவ திரும்பல. போன் சுவிட்ச் ஆஃப்."

"அவங்க கணவர்?"

"ஜெகதீசன். லாரி ஓட்டறார். விஜயவாடாவுக்கு லோடு ஏத்திட்டுப் போயிருக்கார், லைன் கிடைக்கல."

"வெளிநாட்டுக் கோணத்தையும் பார்த்துடறேன்" என்றார் திருநாவுக்கரசு.

"வெளிநாடா?"

"ஒவ்வொரு நாட்டுல ஒவ்வொரு சட்டம் சார். சில நாட்டுல உங்க மாஜிஸ்ட்ரேட் ஆர்டர் வெறும் காகிதம். நீங்க கவலைப்படாதீங்க." இப்படி ஒரு மனிதனை நடுங்க வைத்துவிட்டு அவர் கேட்டார்: "போட்டோ இருக்கா?"

"ஒண்ணுதான். வளைகாப்பு போட்டோ. வாட்ஸ்அப்ல அனுப்பறேன். எனக்கு மீட்டிங்."

படம் வந்தது. ஒரு சின்ன மண்டபத்தில் பதினொரு பெண்கள். நடுவே அலங்கார நாற்காலியில், கன்னத்தில் சந்தனமும் முழங்கை வரை கண்ணாடி வளையலும் எடுப்பான வயிறுமாக ஒருத்தி. எட்டு மாதம் என்று நாற்காலியே சொன்னது. துப்பறிபவனுக்கு வேறென்ன வேண்டும்? திருநாவுக்கரசு அந்த முகத்தை மனதில் பதிய வைத்துக்கொண்டு, நீள நோட்டுப் புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, ஜெஸ்ஸியின் ஸ்கூட்டியில் பின்னால் ஏறினார்.

கேளம்பாக்கத்தில் அந்த அடுக்குமாடிக் குடியிருப்பின் வாசலில், எதிர்க்கடையில் டீ வாங்கிக்கொண்டு நின்றார்கள். பதினேழாவது நிமிடம், கேட்டைத் திறந்துகொண்டு ஒரு வெள்ளைக் கார் வெளியே வந்தது. ஓட்டியவள், போட்டோவில் நாற்காலியில் இருந்தவள். அதே முகம், அதே வயிறு.

திருநாவுக்கரசின் டீ பாதியில் நின்றது. "ஜெஸ்ஸி, பிரபா!"

"சார், காணாம போனவங்க, காணாம போன வூட்ல இருந்தே காரு ஓட்டிகினு வர்றாங்களே?"

"அதுதான் அவளோட புத்திசாலித்தனம். யாரும் அங்க தேட மாட்டாங்க இல்ல?"

ஜெஸ்ஸி அவரை ஒரு தரம் ஏற இறங்கப் பார்த்துவிட்டு வண்டியைக் கிளப்பினாள். அந்தப் பார்வைக்கு அர்த்தம் கேட்கும் பழக்கத்தை அவர் விட்டு வெகு நாளாகியிருந்தது.

கார் திருப்போரூர்ப் பக்கம் திரும்பியது. ஸ்கூட்டி பின்தொடர்ந்தது. திருநாவுக்கரசு ஒரு கையால் பின் கம்பியையும் மறு கையால் நோட்டையும் பிடித்துக்கொண்டு காற்றோடு போட்டி போட்டுக் கத்தினார். முந்தின மாதம் ஒரு பல் டாக்டரின் காத்திருப்பு அறையில் வாரப் பத்திரிகையில் படித்துக் குறித்து வைத்திருந்த அட்டவணை அது. என்றாவது உதவும் என்று நினைத்தார், இதோ உதவுகிறது.

"குழந்தையைத் தானே வெச்சுக்கலாம்னு பிரபா நினைக்கிறான்னு வை. எந்த நாட்டுக்குப் போவா? இங்கிலாந்து. அங்க கரு யாருதா இருந்தாலும் பெத்தவதான் சட்டப்படி தாய். அப்புறம் கோர்ட் ஆணை போட்டாத்தான் மாறும். அதுக்கும் பெத்தவ சம்மதிக்கணும். அந்தச் சம்மதமும் பிரசவம் ஆகி ஆறு வாரம் கழிச்சுக் கொடுத்தாத்தான் செல்லும்."

"அப்போ அப்பா யாரு சார்?"

"பெத்தவளோட புருஷன். அவன் ஒத்துக்கிட்டுத்தான் அவ சுமந்தான்னா."

"வெஜயவாடால லோடு எறக்கிகினு இருக்கற மனுசன், லண்டன்ல அப்பாவா? பாவம், அவருக்கே தெரியாது."

"ஜார்ஜியால நேர்மாறு. ஏற்பாடு பண்ண தம்பதிதான் பெத்தவங்க. சுமந்தவ பேரு பிறப்புச் சான்றிதழ்லயே வராது. ஜெர்மனி, பிரான்ஸ்ல இந்த ஏற்பாடே கூடாது. இத்தாலிக்காரன் வெளிநாட்டுக்குப் போய்ப் பண்ணாக்கூட அவன் ஊர்ல குற்றம். தாய்லாந்து வெளிநாட்டுக்காரங்களுக்குக் கதவைச் சாத்திடுச்சு. அமெரிக்கால மாநிலத்துக்கு மாநிலம் வேற. சில இடத்துல பணம் பேசியே ஒப்பந்தம் போடலாம்."

"நம்மூரு ஆட்டோ மாதிரி. ஏரியாவுக்கு ஏரியா ரேட்டு."

"சிரிக்காத. ஆள் கடத்தல் கோணமும் இருக்கு."

"சார், நம்ம ஊரு சட்டம் இன்னான்னு எழுதிகீறீங்களா அதுல?"

திருநாவுக்கரசு நோட்டைப் புரட்டினார். ஏழு நாடுகள் இருந்தன. இந்தியா இல்லை.

ஜெஸ்ஸி லாரியைத் தாண்டியபடியே சொன்னாள்: "டப்பு வாங்கக் கூடாது. ஆஸ்பத்திரி செலவு, மூணு வருசம் இன்சூரன்ஸ், அவ்ளோதான். சொமக்கறவங்க கல்யாணம் ஆனவங்களா, சொந்தக் கொழந்த இருக்கறவங்களா இருக்கணும். இருவத்தஞ்சுல இருந்து முப்பத்தஞ்சு வயசுக்குள்ள. ஆயுசுக்கும் ஒரே ஒரு வாட்டி. அவங்க கருமுட்டை தரக் கூடாது, வேற யாருதோ கருவத்தான் வெக்கணும். கொழந்த யாருதுன்னு மாஜிஸ்ட்ரேட்டு மொதல்லயே எழுதிக் குடுத்துடுவாரு. வெளிநாட்டுக்காரன் வந்து இங்க கேக்கவே முடியாது. காசுக்கு நடத்தினா பத்து வருசம் வரைக்கும் உள்ள."

"உனக்கு எப்படி இவ்வளவு...?"

"இந்தச் சட்டம் வர்ற பேப்பர்லதான் சார் அரியர். மூணு வாட்டி எழுதிகீறேன். மனப்பாடம்." ஒரு ஸ்பீடு பிரேக்கர் வந்து போனது. "அப்புறம், எட்டு மாசத்துல டாக்டர் சீட்டு இல்லாம எந்த பிளேன்ல ஏத்துவான்? பிரபாவுக்குப் பாஸ்போர்ட்டு கீதா?"

அதை விசாரிக்கவில்லை என்பது திருநாவுக்கரசுக்கு அப்போதுதான் நினைவு வந்தது. காற்றில் காது கேட்காதவர் போல் இருந்துவிட்டார்.

வெள்ளைக் கார் மாமல்லபுரத்தில், கிளிஞ்சல் மாலைக் கடைகளைத் தாண்டி, மீன்படகுகள் ஏற்றி வைத்திருக்கும் மணல் பக்கம் போய் நின்றது. அவள் இறங்கினாள். நடுவே ஒரு சாக்கடைக் கால்வாய். புடவையைச் சற்றுத் தூக்கிப் பிடித்து அதை ஒரே தாவாகத் தாவினாள்.

"சார், பாத்தீங்களா?"

"கிராமத்து உடம்பு" என்றார் திருநாவுக்கரசு.

அவள் கடலோரம் போய், இரண்டு படகுகளுக்கு நடுவே நிழலில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் கடலைப் பார்த்தாள். இருபுறமும் பார்த்தாள். பிறகு அப்படியே மணலில் குப்புறப் படுத்து, முழங்கை மடக்கி முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

திருநாவுக்கரசு மனதுக்குள் அறிக்கை எழுதிக்கொண்டிருந்தார். அவருடைய அறிக்கைகள் எல்லாம் பள்ளிக்கூடத்தில் கற்ற கடித முறைப்படி அனுப்புநர், பெறுநர், பொருள் என்றுதான் தொடங்கும். 'பொருள்: காணாமற்போனவர் பதினேழு நிமிடத்தில் கண்டுபிடிக்கப்பட்டமை குறித்து.'

"சார், உங்களுக்கு எத்தினி பசங்க?"

"மூணு. தெரியுமே உனக்கு."

"எட்டு மாசத்துல உங்க வூட்டம்மா எப்பவாச்சும் குப்புறப் படுத்தாங்களா?"

திருநாவுக்கரசு யோசித்தார். மூன்று பிரசவத்துக்கும் அவர் ஆஸ்பத்திரி வராந்தாவில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். அதற்கு முந்தைய மாதங்களைப் பற்றி அவரிடம் தகவல் குறைவு. ஆனாலும் உடலியல் என்று ஒன்று இருக்கிறதே. மனதில் எழுதிய அறிக்கையின் 'பொருள்' வரியை மெதுவாக அழித்தார்.

ஜெஸ்ஸி மணலில் இறங்கி நடந்தாள். அலை ஒன்று மற்றவற்றைவிட நீளமாக ஏறி வந்துகொண்டிருந்தது.

"அக்கா, எழுந்துக்கோங்க. தலகாணி நனைஞ்சிடப் போவுது."

படுத்திருந்தவள் வாரிச் சுருட்டி எழுந்தாள். கண் இரண்டும் சிவந்திருந்தன. வயிறு இடப்பக்கமாக ஒதுங்கியிருந்தது. அதைப் பழக்கப்பட்ட கையால் நடுவே தள்ளிக்கொண்டு, "யார் நீங்க?" என்றாள்.

"உங்க வீட்டுக்காரர் அமர்த்தின துப்பறிவாளர்" என்றார் பின்னாலேயே வந்த திருநாவுக்கரசு. "நீங்க... பிரபா இல்லை."

"நான் சஹானா. விஷாலோட மனைவி. பிரபாவைத் தேடித்தான் வந்தேன். போன மாசம் ஒருநாள் இங்க கூட்டிட்டு வந்தப்போ, இந்தப் படகு நிழல்ல ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தா. அதான் வந்து பார்த்தேன்."

"அப்ப இந்த...?" என்று திருநாவுக்கரசு ஒரு விரலை நீட்டி, நாகரிகம் கருதி மடக்கிக்கொண்டார்.

"சோபா குஷன். மாமியார் ஏற்பாடு. குழந்தையை வேற யாரோ பெத்துக் கொடுத்தாங்கன்னு பேச்சு வந்துடக் கூடாதாம். நாலு மாசமா மாட்டிட்டுத் திரியறேன். மாசா மாசம் பஞ்சு ஏத்தணும். வளைகாப்பும் எனக்கே நடத்தினாங்க." சஹானா மணலைத் தட்டிவிட்டாள். "அவ எங்க சார்? மனசு மாறிப் போயிட்டாளா? ஒரு மாசம்தான் இருக்கு. சட்டம் என் பக்கம்னு விஷால் ஆயிரம் தடவை சொல்லிட்டார். சட்டத்தை வெச்சுக்கிட்டு நான் என்ன பண்றது? அவ எங்கயாவது விழுந்து கிழுந்து வெச்சா? எனக்கு இனிமே இன்னொரு வாய்ப்பு கிடையாது. அவளும் எனக்கு ஒருத்திதான்."

அழுகிறவளைத் தேற்ற வேண்டும் என்று ஜெஸ்ஸிக்குத் தோன்றியது. அவளுக்குத் தெரிந்த ஒரே மருந்து நக்கல். "பயப்படாதீங்கக்கா. மாவு உங்களுது, இட்லி உங்களுது. பானைதானே அவங்களுது? பானை இட்லிய எடுத்துகினு எங்க ஓடப் போவுது?"

சஹானா நிமிர்ந்து பார்த்தாள். "என் மாமியாரும் இதையேதான் சொன்னாங்க. பானைக்குப் பதில் குக்கர். பிரபா முன்னாடியே."

ஜெஸ்ஸி அதற்கப்புறம் ஐந்து நிமிடம் வாய் திறக்கவில்லை. அந்த அலுவலகத்தின் வரலாற்றில் அது ஒரு சாதனை.

திருநாவுக்கரசு போனை எடுத்து வளைகாப்புப் படத்தை மறுபடி பெரிதாக்கினார். "இதுல பிரபா யாரு?"

சஹானா காட்டினாள். வலது ஓரத்தில், பாதி தூணுக்குப் பின்னால், சந்தனத் தட்டோடு, முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு ஒருத்தி. காலையில் அவர் நோட்டில் அவளைப் பற்றி எழுதியிருந்தது: 'சமையல்காரராக இருக்கலாம்.'

"எல்லாரும் அப்படித்தான் நினைக்கணும்னு சொல்லி வெச்சிருந்தோம்" என்றாள் சஹானா.

உண்மையில் கர்ப்பமாக இருந்தவளை விட்டுவிட்டு, நாற்காலியை நம்பி ஒரு குஷனை முப்பது கிலோமீட்டர் துரத்தி வந்திருக்கிறோம் என்பது திருநாவுக்கரசுக்குள் மெல்ல இறங்கியது. ஆனால் மாப்பிள்ளை விசாரணையில் முப்பது வருடம் போட்டோ பார்த்த கண் அது. யார் விரலில் மோதிரத் தடம், யார் கை யார் தோளில் தயங்குகிறது என்று பார்த்துப் பார்த்தே பல கல்யாணங்களை நிறுத்திய கண். அது இப்போது தாமதமாக வேலைக்கு வந்தது.

"வளைகாப்புக்கு வந்த எல்லாருக்கும் வளையல் கொடுப்பீங்க இல்லையா?"

"ஆமா. யாரும் வெறுங்கையோட போகக் கூடாதுன்னு."

"எண்ணிப் பாருங்க. பத்துப் பேர் கையில கண்ணாடி வளையல். தட்டைப் பிடிச்சிருக்கற இந்தக் கை ரெண்டுல மட்டும் ஒண்ணுகூட இல்ல."

சஹானா படத்தை வாங்கிப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். "கொடுத்தோம் சார். 'அப்புறம் போட்டுக்கறேன்'னு சொன்னா. நானும் விட்டுட்டேன்."

"அவங்களுக்குத் தாய் வீட்டுல யாரு?"

"சித்தி போய் ரெண்டு வருஷமாச்சு. அவ பையன் கருங்குழில நாத்தனார் வீட்டுல. அந்த நாத்தனாருக்கும் போன் பண்ணேன். இங்க வரலைன்னுட்டாங்க."

"வேற ஏதாவது? அவங்க வழக்கமா பண்றது, சாப்பிடறது...?"

"என்னத்தைச் சொல்றது. வெளிநாட்டுப் பவுடர் டப்பா டப்பாவா வாங்கி வெச்சேன். தொடவே மாட்டா. அரிசி டின்னுக்குள்ள சத்துமாவுப் பாக்கெட் ஒளிச்சு வெச்சு, அதைத்தான் கரைச்சுக் குடிப்பா. ஜெகதீசன் வரும்போதெல்லாம் ஊர்லேந்து கொண்டு வந்து கொடுப்பார்."

ஐந்து நிமிடம் முடிந்தது. ஜெஸ்ஸி வாயைத் திறந்தாள்.

"அது அங்கன்வாடி மாவு சார். கடையில கெடைக்காது. கர்ப்பமா கீறவங்க பேரு ரிஜிஸ்டர்ல இருந்தாத்தான் குடுப்பாங்க. அப்ப கருங்குழி அங்கன்வாடில பிரபா பேரு கீது. பேரு கீதுன்னா..." அவள் போனில் எதையோ தேடி, இன்னொரு எண்ணுக்குப் பேசி, "ஆமாவா? இன்னிக்கேவா?" என்று கேட்டு வைத்தாள். "எங்க பெரிம்மா பொண்ணு அங்கன்வாடி டீச்சர்தான். ரிஜிஸ்டர்ல பேரு இருந்தா கவர்ன்மெண்டே ஒரு வாட்டி வளையல் போடும் சார். சமுதாய வளைகாப்பு. கருங்குழி ஆளுங்களுக்கு இன்னிக்கு மதுராந்தகத்துல, மண்டபத்துல."

மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு ஸ்கூட்டியை அங்கேயே விட்டுவிட்டு, காரை நோக்கி ஓடினார்கள். சாக்கடைக் கால்வாயை சஹானா மறுபடி ஒரே தாவாகத் தாவினாள். திருநாவுக்கரசு சுற்றிக்கொண்டு வந்தார்.

திருக்கழுக்குன்றம், செங்கல்பட்டு, கருங்குழி தாண்டி மதுராந்தகம் போய்ச் சேரும்போது மணி ஒன்றரை. பத்து மணி நிகழ்ச்சி. முடிந்தே போயிருக்கும் என்று திருநாவுக்கரசு பயந்தார். ஆனால் சிறப்பு விருந்தினர் 'வந்துகொண்டே' இருந்தார். அவர் வந்து முதல் வளையலைப் போடாமல் மற்றவர் யாரும் போடக் கூடாது. இதற்கு முன் எந்தத் தாமதத்தையும் திருநாவுக்கரசு இப்படி மனதார வாழ்த்தியதில்லை.

மண்டபத்துக்குள் வரிசை வரிசையாகப் பிளாஸ்டிக் நாற்காலிகள். நூற்றுப்பத்து கர்ப்பிணிகள். ஒவ்வொருத்தி மடியிலும் ஒரு தட்டு; அதில் மஞ்சள், குங்குமம், பூ, ஒரு டஜன் கண்ணாடி வளையல். ஒவ்வொரு நாற்காலிக்குப் பின்னாலும் ஒரு அம்மா, அக்கா அல்லது நாத்தனார். விசிறிகள் சூட்டைக் கலக்கிக்கொண்டிருந்தன. 'எட்டு மாத கர்ப்பிணி ஒருவரை' தேடி வந்த துப்பறிவாளருக்கு இதைவிடச் சிறந்த தண்டனையை யாரும் யோசித்திருக்க முடியாது.

கையில் பட்டியலோடு ஒரு அங்கன்வாடி டீச்சர் வழி மறித்தார். புடவைத் தோளில் 'ஹெலன்' என்று அட்டை குத்தியிருந்தது. "சார், வூட்டுக்காரருங்க எல்லாம் வெளியதான். எந்தம்மாவோட வூட்டுக்காரர் நீங்க?" கேட்டுக்கொண்டே சஹானாவின் வயிற்றைப் பார்த்தார். "ஐய, இவங்களை நிக்க வெச்சிகினு! பேரு இன்னாம்மா? அட்டை எங்க? இல்லியா? பரவால்ல, மொதல்ல உக்காரு. அப்புறம் எழுதிக்கலாம்."

இறங்கும்போதே பழக்க தோஷத்தில் குஷனை நேராக்கிக்கொண்டு வந்திருந்தாள் சஹானா. மறுக்க நேரமே கொடுக்காமல் ஹெலன் அவளைக் கைத்தாங்கலாக நடத்திப் போய் ஆறாவது வரிசையில் காலியாக இருந்த ஒரு நாற்காலியில் உட்கார வைத்து, மடியில் ஒரு தட்டையும் வைத்துவிட்டார்.

பக்கத்து நாற்காலிக்குப் பின்னால் மட்டும் யாரும் இல்லை. அதில் இருந்தவள் திரும்பினாள்.

"அக்கா" என்றாள் பிரபா.

சஹானா பிரபாவின் கையைப் பிடித்துப் பார்த்தாள், நெற்றியைத் தொட்டாள், கால் வீங்கியிருக்கிறதா என்று குனிந்து பார்த்தாள். அப்புறம்தான் கேட்டாள்: "ஏண்டி?"

"நான் ஓடிப் போவலக்கா. சாயந்தரம் பஸ்ஸுக்கு வந்துடுவேன். நேத்து பையனப் பாத்துட்டு, நாத்தனா வூட்லதான் தங்கினேன். நாந்தான் சொல்ல வேணாம்னேன். போனு ஆன்ல இருந்தா மாமா வேணாம்பாரு. உன்னாலயும் தட்ட முடியாது. அதான் ஆஃப் பண்ணேன்."

"வளையல் வேணும்னா நான் போட மாட்டேனா?"

"போடுவ. ரூமுக்குள்ள, கதவச் சாத்திகினு." பிரபா தட்டில் இருந்த வளையல்களை விரலால் நகர்த்தினாள். "அன்னிக்கு உன் பக்கத்துல தட்டப் புடிச்சிகினு நின்னேனா. உனக்கு ஒவ்வொருத்தரா போடப் போட, சலசலன்னு சத்தம். இங்க இது உதைச்சிகினே இருக்குது. கொழந்த காதுல வளையல் சத்தம் வுழணும்னுதானேக்கா போடறாங்க? எங்கயோ நாலடி தள்ளி கேட்டுகினு இருந்துச்சி அது." நிமிர்ந்தாள். "கொழந்த உன்னுது. அதுல எனக்கு ஒரு கொழப்பமும் இல்ல. கை என்னுதுக்கா."

தூணுக்குப் பக்கத்தில் நின்றிருந்த திருநாவுக்கரசு தம் நோட்டைப் பார்த்தார். ஏழு நாட்டுச் சட்டமும் அதில் இருந்தது. தாய் யார், தந்தை யார், கையெழுத்து எப்போது, சிறை எத்தனை வருடம் என்று எல்லாவற்றுக்கும் ஒரு வரி இருந்தது. வளையலுக்கு ஒரு நாட்டிலும் இல்லை. நோட்டை மூடிக்கொண்டார்.

சஹானா எழுந்து நின்றாள். முந்தானைக்குள் கையை விட்டு, கட்டை அவிழ்த்து, குஷனை வெளியே எடுத்தாள். ஆறாவது வரிசை மூச்சை இழுத்தது. ஏழாவது வரிசை எட்டிப் பார்த்தது. ஹெலனின் கையிலிருந்த பட்டியல் கீழே விழுந்தது. சஹானா யாரையும் பார்க்கவில்லை. குஷனை இரண்டு தட்டுத் தட்டி, பிரபாவின் முதுகுக்கும் பிளாஸ்டிக் நாற்காலிக்கும் நடுவே செருகினாள்.

"சாஞ்சுக்கோ" என்றாள். நாற்காலிக்குப் பின்னால் போய், ஒருவரும் நிற்காத இடத்தில் நின்றாள்.

பின் வரிசையில் வியர்த்து வழிந்துகொண்டிருந்த ஒரு கர்ப்பிணி கேட்டாள்: "ஏங்கா, இப்டிக் கழட்டி வெக்க எங்களுக்கும் ஒரு வழி சொல்லேன். காத்தால இருந்து இடுப்பு வுட்டுப் போவுது."

மண்டபம் சிரித்தது. பிரபா சிரித்தாள். சஹானாவும் நாலு மாதத்தில் முதல் முறையாக வயிற்றைப் பிடிக்காமல் சிரித்தாள்.

திருநாவுக்கரசின் போன் அடித்தது. விஷால்.

"சார், ஏதாவது தெரிஞ்சுதா? எந்த நாடு?"

"மதுராந்தகம்."

"அங்க எப்படிப் போனா?"

"பஸ்ல."

"குழந்தை?"

"நல்லா உதைக்குதாம். உங்க மனைவியும் பக்கத்துலதான் இருக்காங்க."

"சஹானாவா? அவ அந்த... அதோடவா வந்தா?"

"கழட்டிட்டாங்க சார். பிரபாவுக்கு முதுகுக்கு வெச்சிருக்காங்க."

"யாராவது பார்த்தாங்களா?"

திருநாவுக்கரசு மண்டபத்தைக் கண்ணால் அளந்தார். நூற்றுப்பத்து கர்ப்பிணிகள், அவர்களின் உறவினர், அதிகாரிகள், மைக் செட்காரர், பத்திரிகைப் போட்டோகிராபர் இருவர்.

"கொஞ்சப் பேர்" என்றார்.

அந்நேரம் வாசலில் கார்க் கதவுகள் சாத்தும் சத்தம். சிறப்பு விருந்தினர் ஒருவழியாக வந்தே விட்டார். மேடையில் முதல் வளையல் ஏறியது. "எல்லாரும் போடலாம்" என்றது மைக். நாற்காலிகளுக்குப் பின்னால் நின்ற கைகள் எல்லாம் ஒன்றாக நீண்டன. முதலில் அங்கங்கே தூறலாக ஆரம்பித்து, பிறகு மண்டபம் முழுவதும் ஒரே வளையல் சத்தம். ஆறாவது வரிசையில் சஹானா, பிரபாவின் விரல்களைக் குவித்துப் பிடித்து, ஒவ்வொன்றாக ஏற்றினாள். பிரபா சட்டென்று சஹானாவின் கையை இழுத்துத் தன் வயிற்றின் மேல் வைத்தாள். இரண்டு பேரும் அசையாமல் எதற்கோ காத்திருந்தார்கள். அது வந்தது போலிருக்கிறது. சஹானாவின் முகம் அப்படி ஆனது.

"என்ன சார் சத்தம் அது?" என்றார் விஷால்.

"கேளுங்க." திருநாவுக்கரசு போனை மண்டபத்தின் பக்கம் நீட்டிப் பிடித்தார். வெகுநேரம் பிடித்தார். கை வலித்தது. திரும்பக் காதில் வைத்தபோது விஷால் இன்னும் இணைப்பில்தான் இருந்தார்.

"சார், உங்களுக்கு மீட்டிங் இருந்ததே?"

"இருக்கு." மறுமுனையில் கார்ச் சாவி குலுங்கியது. "மதுராந்தகத்துக்கு எந்த வழியா வரணும் சார்?"

திருநாவுக்கரசு விளக்கமாக வழி சொன்னார். எந்த இடத்தில் இடது, எங்கே ரயில்வே கேட், எதைத் தாண்டி வலது என்று ஒன்று, இரண்டு, மூன்று போட்டுச் சொன்னார். பக்கத்தில் நின்று, ஒரு கையில் சந்தனமும் இரண்டு கையிலும் ஓசி வளையலுமாகக் கேட்டுக்கொண்டிருந்த ஜெஸ்ஸி, அவரிடமிருந்து போனை மெதுவாக வாங்கினாள்.

"சார், நான் ஜெஸ்ஸி. அவரு சொன்னதெல்லாம் மறந்துடுங்க. அது பாண்டிச்சேரி போற வழி."